இரவல் குப்பி

சேவுகம்பட்டி
2-12-1962

அன்பு மகள் சகாயராணிக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் சுகம். நான் சுகமா இல்லையான்னு இப்பல்லாம் நீதான் எனக்கு எழுதிச் சொல்றே. அதனால இந்த வரியை ஒரு மரியாதைக்குத்தான் எழுதறேன்.

இந்த மாசத்துக் குப்பியைக் கண்டக்டர் பவுல்ராஜ் கையில் கொடுத்திருக்கேன். போன மாசம் அவன், "என்ன மாமா இது, அரிஷ்டமா?"ன்னு கேட்டான். அவனுக்கு எட்டாம் கிளாஸ் படிச்ச கொழுப்பு. நானும், ஆமாய்யா, ஐம்பது வருஷமா ஊறினதுன்னு சொல்லிட்டேன். பாவி, மோந்து பார்க்க மூடியைத் திருகிட்டான்! பஸ்ஸோட சேர்ந்து ஓடிப் புடுங்கினேன். இந்தத் தடவை மூடிக்கு மேல மெழுகு உருக்கி ஊத்தி, மேலே சிலுவை அடையாளமும் போட்டிருக்கேன். உங்க ஆஸ்பத்திரியில் யாரும் அதைத் தீர்த்தம்னு நினைச்சுறப் போறாங்க, பார்த்துக்க.

பக்கத்து வெத்தலைக் கொடிக்கால் சுருளிவேலுக்கு உங்க டாக்டரம்மா செய்யற ஏற்பாட்டை விளக்கிச் சொன்னேன். என் அண்ணன், உன் பெரியப்பா, சர்க்கரை வியாதியில் அங்கே படுத்திருந்தப்ப அவர் பேருக்கு ஒரு அட்டை எழுதினாங்க, அவர் போன பிறகு அந்த அட்டையைப் பார்த்துத்தான் கூடப் பிறந்தவனான என்னைக் கூப்பிட்டாங்கன்னேன். அவன் வாயில் இருந்த வெத்தலையைத் துப்பிட்டு, "செத்தவன் காகிதத்தைப் பார்த்து உசிரோட இருக்கவனுக்குச் சம்மன் அனுப்புறாங்களாலே! இது ஆஸ்பத்திரியா, கோர்ட்டா?"ங்கிறான்.

அவன் வாய் அப்படி. ஆனா குப்பி விஷயத்தில் அவன் எனக்குப் பண்ற ஒத்தாசை கொஞ்சமில்லை. அது என்ன ஒத்தாசைன்னு நேரில் சொல்றேன். சொல்லாமலும் விட்டுருவேன்.

உன் அம்மா கேப்பைக் களியும் அகத்திக்கீரையும் போட்டு என்னை ஒரு பசுமாடா மாத்திட்டா. மண்டிக்குப் போனா வெத்தலைக் கட்டைப் பார்த்தே நாக்கு ஊறுது.

இப்படிக்கு
உன் அப்பா
ம. சிலுவைமுத்து

*

திண்டுக்கல்
6-12-1962

அன்புள்ள அப்பாவுக்கு,

சகாயராணி எழுதுவது. இந்த மாதமும் நீலம்!

உங்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடும் என்பதால் மறுபடி எழுதுகிறேன். நீல மருந்தில் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவோம். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, இன்னும் கூட இருந்தால் மஞ்சள், மிகவும் முற்றினால் செங்கல் சிவப்பு. ஆகஸ்டில் உங்களுடையது மஞ்சள். செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு மாதமும் நீலம். நான்தான் காய்ச்சுகிறேன், நான்தான் அட்டையில் எழுதுகிறேன். எழுதும்போது பேனா தானாக ஓடுகிறது.

டாக்டரம்மா எல்லாருக்கும் ஒரே பத்தியம் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தண்ணீரில் நிற்கிறவருக்கு முதலில் பாதத்தைப் பற்றித்தான் எழுதச் சொல்வார். வெள்ளிதோறும் பட்டினி கிடக்கிற டீச்சருக்குப் பட்டினி கிடக்காதே என்று எழுதச் சொல்வார். உங்கள் அட்டையை நேற்று கையில் வைத்துக்கொண்டு, "இவர் மண்டியில் உட்கார்ந்தே கணக்கு எழுதுகிறவர், அண்ணனுக்குக் காலை எடுத்திருக்கிறது, ஆனால் நான்கு மாதமாக நீலம்" என்று சொல்லிவிட்டு உங்களுக்காகச் சொன்னது இது: சாயங்காலம் வத்தலக்குண்டு ரோட்டில் நடையை விட வேண்டாம். செருப்பில்லாமல் வாசல் தாண்ட வேண்டாம். இனி இரவில் ஒரு கரண்டி சோறு சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஜனவரி 24-ம் தேதி மதுரையிலிருந்து சில டாக்டர்கள் இந்த அட்டைகளைப் பார்க்க வருகிறார்கள். வியாதி முற்றுவதற்கு முன்பே வீட்டாரைக் கூப்பிட்டுத் தடுக்க முடியும் என்பதற்கு டாக்டரம்மா உங்கள் அட்டையைத்தான் வாசிக்கப்போகிறார். ஒவ்வொரு வரிக்கும் கீழே என் கையெழுத்து இருக்கிறது, அப்பா.

செப்டம்பரில் பவுல்ராஜ் மகள் கல்யாண வீட்டில் உங்கள் இலையில் மூன்று லட்டு இருந்ததாக அம்மா எழுதியிருந்தாள். அப்படியும் நீலம். உங்கள் உடம்பு நல்ல உடம்பு.

அன்பு மகள்
சகாயராணி

*

சேவுகம்பட்டி
30-12-1962

அன்பு ராணிக்கு,

கிறிஸ்துமஸ் நல்லபடியா முடிஞ்சது. ஒரு கரண்டி சோத்துக்கு டாக்டரம்மாவுக்கு என் நமஸ்காரம். உன் அம்மா தேடி எடுத்தது பாரு ஒரு கரண்டி, காதுக்கு எண்ணெய் விடலாம் அதுல.

அந்த மதுரை டாக்டர்கள் விஷயம். வேற யார் அட்டையாவது வாசிக்கக் கூடாதா? தோல் கிடங்குக்காரர் இருக்காரே. நான் மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவன், என்னை மேடையில் ஏத்தினா எடை குறையும். இல்லைன்னா பேரை மறைச்சிட்டு "ஒருவர்"னு வாசிக்கச் சொல்லு. நீ இதுக்குச் சந்தோஷப்படறது எனக்குத் தெரியும். அதான் சங்கடமே.

குப்பி வழக்கம்போல பவுல்ராஜ் கையில்.

அப்பா

*

திண்டுக்கல்
7-1-1963

அப்பாவுக்கு,

உடனே புறப்பட்டு வாருங்கள்.

இந்த மாதம் செங்கல் சிவப்பு. என் கண்ணை நம்பாமல் மறுபடியும் காய்ச்சினேன். அதே சிவப்பு. டாக்டரம்மாவே ஒரு முறை தன் கையால் காய்ச்சிப் பார்த்தார். நான்கு மாதம் நீலமாக இருந்தவருக்கு ஒரே மாதத்தில் இப்படி ஆவது நல்லதல்ல, உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்கிறார். புண் ஏதாவது பட்டுச் சீழ் பிடித்தாலும் இப்படி ஏறுமாம்.

இவற்றுக்குப் பதில் வேண்டும், அட்டையில் எழுத வேண்டும்: தாகம் அதிகமா? ராத்திரி அடிக்கடி எழுந்திருக்கிறீர்களா? உடம்பு இளைத்திருக்கிறதா? காலில் ஆறாத புண் இருக்கிறதா? அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்கு உங்கள் பாதம் எட்டாது.

இரவில் சேர்க்கச் சொல்லி நான் எழுதிய அந்த ஒரு கரண்டி சோறுதான் இதைச் செய்ததோ என்று இருக்கிறது.

சகாயராணி

*

சேவுகம்பட்டி
10-1-1963

அன்பு ராணிக்கு,

உன் காகிதம் பார்த்தேன். சிவப்பா? அது எப்படிச் சிவக்கும்? அவன் எருமைக்கடா மாதிரி

மேலே உள்ளதை அடிச்சிட்டேன், படிக்காதே. நான் எருமைக்கடா மாதிரி இருக்கேன்னு எழுத வந்தது.

நீ பயப்படாதே. பொங்கல் சமயம், மண்டியில் கட்டு மேல கட்டா வந்து விழுது, இப்ப நகர முடியாது. கேட்டதுக்குப் பதில் எழுதறேன். தாகம் இருக்கு, செம்பு செம்பா. ராத்திரி எழுந்திருக்கறதும் இருக்கு. வேட்டி இடுப்பில் நிக்காம ரெண்டு சுத்து கூடுதலாச் சுத்துது. வலது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரலில் அகத்திக் குச்சி குத்தினது கார்த்திகையில் இருந்து ஆறல. வலி இல்லையாம். வலி இல்லை.

இதுக்கு என்ன செய்யணும்னு ஒரு காகிதத்தில் தெளிவா எழுது, சாப்பாடு என்ன, மருந்து என்னன்னு. வயசு ஐம்பத்தஞ்சுக்குத் தக்கபடி எழுது. ஐம்பத்திரண்டுன்னு அட்டையில் இருந்தா இருக்கட்டும், நீ ஐம்பத்தஞ்சுக்கே எழுது. நாளெல்லாம் தண்ணிக்குள்ள நின்னு வேலை பார்க்கிற ஆளுக்கு எப்படியோ அப்படி எழுது.

காகிதத்திலேயே எழுது. வர வேண்டாம்.

அப்பா

*

திண்டுக்கல்
12-1-1963

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை டாக்டரம்மாவிடம் வாசித்தேன். கால் விரலைப் பற்றிய வரி வந்ததும் அவரே வாங்கி வாசித்துக்கொண்டார். வலிக்காத புண்தான் மோசம் என்கிறார். பெரியப்பாவுக்கும் முதலில் வலிக்கவில்லை. அவருடைய அட்டையை எடுத்து உங்கள் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே வலது கால்.

இது காகிதத்தில் எழுதித் தீர்க்கிற விஷயமில்லை. தினம் ஊசி போட வேண்டும், புண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீரில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். மண்டியில் உங்களுக்கு என்ன தண்ணீர்? மயக்கத்தில் எழுதினீர்களா என்று கேட்கிறார். எனக்கும் புரியவில்லை.

பொங்கலாவது மண்டியாவது. வாருங்கள்.

சகாயராணி

*

திண்டுக்கல்
17-1-1963

அப்பாவுக்கு,

பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். கட்டில் ஒன்று காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவை அழாமல் இருக்கச் சொல்லுங்கள்.

சகாயராணி

*

சேவுகம்பட்டி
18-1-1963

ராணி,

வராதே. தபாலில் போட்டா நீ கிளம்பின பிறகுதான் சேரும், அதனால பவுல்ராஜ் கையில் கொடுக்கறேன். இதையும் அவன் மோந்து பார்க்கட்டும், நாத்தம் இதுலதான் அதிகம்.

எனக்குக் காலில் ஒண்ணும் இல்லை. ரெண்டு காலும் இருக்கு, பத்து விரலும் இருக்கு. சிவந்தது என்னுது இல்லை. நீலமா இருந்ததும் என்னுது இல்லை. ஆகஸ்டு மாசத்து மஞ்சள் ஒண்ணுதான் உன் அப்பன் கொடுத்தது. மத்ததெல்லாம் சுருளிவேலோடது.

செப்டம்பரில் பவுல்ராஜ் மகள் கல்யாணத்தில் நான் தின்னதை உன் அம்மா கணக்குப் பார்த்தது பாதிதான். மறுநாள் குப்பி அனுப்புற நாள். விடியக்காலம் குப்பியைக் கையில் வச்சுக்கிட்டு வாய்க்கால் ஓரம் நிக்கறேன். இதுல இருக்கறது உன் கைக்கு வரும், நீ காய்ச்சுவே, நிறம் மாறும், உன் முகம் மாறும். அந்த முகத்தை நினைச்சா எனக்கு ஒண்ணும் வரல, குப்பியில் விடறதுக்கும் வரல. அந்த நேரம் பார்த்துச் சுருளிவேல் கொடிக்காலுக்குத் தண்ணி பாய்ச்ச வந்தான். கேட்டேன்.

"ஏலே சிலுவை, மனுசன் மனுசங்கிட்ட கேட்கிற பொருளாலே இது?"ன்னான். அப்புறம் சிரிச்சு, "கொண்டா. இதுக்கு மட்டும் என்கிட்ட என்னைக்கும் பஞ்சமில்ல"ன்னு வாங்கிக்கிட்டான். இப்ப யோசிச்சா, பஞ்சமில்லைன்னு அவன் சொன்னதுதான் வியாதியோட தொடக்கம் போல. நாங்க ரெண்டு பேரும் அதுக்குச் சிரிச்சோம்.

நீலம்னு நீ எழுதினே. எனக்கு அந்தக் காகிதம் லட்டை விட இனிச்சது. அடுத்த மாசமும் அவன்கிட்டயே போனேன். பொய்யை விட எனக்கு அந்த நீலம் பிடிச்சுப்போச்சு தாயி.

சிவப்புன்னு நீ எழுதின அன்னைக்கே அவனைப் பார்க்கப் போனேன். சொல்லப் போனவன், தாகம் இருக்கா, காலைக் காட்டுன்னு விசாரிச்சிட்டு, சொல்லாம திரும்பிட்டேன். வந்து உனக்கு அவன் உடம்பை என் உடம்புன்னு எழுதினேன். காகிதத்தில் வைத்தியம் வரும், அவனுக்குக் கமுக்கமாச் செய்துரலாம், எனக்கும் மானம் போகாதுன்னு ஒரு கணக்கு. மண்டிக் கணக்கு எழுதறவன் புத்தி. அதுக்குள்ள பொங்கல். அவன் அந்தக் காலோட சேத்துக்குள்ள நின்னு கொடி கட்டறான், நான் பார்த்துக்கிட்டே மண்டிக்குப் போறேன்.

உன் ரெண்டாவது காகிதம் வந்த பிறகுதான் சொன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"அட்டையில யார் பேரு?"

"என் பேருதான்."

"உன் வயசு, உன் அண்ணன் செத்த கதை எல்லாம் இருக்கா?"

"இருக்கு."

"அப்பச் சிவந்தது சிலுவைமுத்து. சுருளிவேலு சிவக்கல. உன் வியாதியை என் தலையில கட்டாதலே."

விளையாட்டுன்னு நினைச்சேன். இல்லை ராணி. அவன் கண்ணுல பயம். உன் பெரியப்பாவை ஒத்தைக்காலோட வண்டியில் இறக்கினப்ப கைத்தாங்கலாப் பிடிச்சவன் அவன். ஏட்டில் இருக்கிற பேருக்குத்தான் வியாதின்னு நிசமாவே பிடிச்சுக்கிட்டான். நான் நாளும் போய்க் கெஞ்சறேன். நேத்து கடைசியாச் சொன்னான், "நீ போய் அந்த டாக்டரம்மாகிட்ட அது என்னுது இல்லைன்னு சொல்லு. சொல்லி என் பேருல எழுதிட்டு வா. அப்ப வாரேன்."

அவன் விரல் இப்ப கருத்திருக்கு. அதனால எழுதறேன். விரல் கருக்காம இருந்திருந்தா எழுதியிருப்பேனான்னு கேக்காதே.

டாக்டரம்மாகிட்ட நீ சொல்ல வேண்டாம். நான் வந்து சொல்றேன். ஆனா அதுக்கு முந்தி அவன் பேருக்கு ஒரு அட்டை போட்டுரு.

அப்பா

*

திண்டுக்கல்
19-1-1963

அப்பாவுக்கு,

பவுல்ராஜிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

டாக்டரம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். நீங்கள் வரும்வரை காத்திருக்க அந்த விரலுக்கு நேரமில்லை. உங்கள் கடிதத்தைக் கொடுக்கவில்லை, வாயால் சொன்னேன். அவர் உங்கள் அட்டையை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறகு, பஸ்ஸில் வருகிற மற்றக் குப்பிகள் யாருடையவை என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். மதுரை டாக்டர்களுக்கு வர வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

மூன்று லட்டு என்று அம்மா எழுதியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். மஞ்சளாக இருந்தவர் மறுமாதமே நீலமாக மாட்டார், அதுவும் லட்டு சாப்பிட்டு. வேறு யாருடைய அட்டையாக இருந்தாலும் ஆளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நின்று வாங்கியிருப்பேன். அப்பாவுடையது என்பதால் கையெழுத்துப் போட்டேன். இதையும் அவரிடம் சொன்னேன்.

சுருளிவேல் மாமா பேரில் அட்டை எழுதியாகிவிட்டது. பேர் இருக்கிறது, இனி வரட்டும். நாளைக்கே முதல் பஸ்ஸில் அவரைக் கூட்டி வாருங்கள். நடக்க விடாதீர்கள்.

சகாயராணி

*

சேவுகம்பட்டி
17-2-1963

அன்பு ராணிக்கு,

நேத்து சுருளிவேல் வீட்டுக்கு வந்துட்டான். ரெண்டு விரல் அங்கேயே தங்கிருச்சு, மத்தபடி முழு ஆளா வந்துட்டான். வத்தலக்குண்டில் இருந்து கம்பவுண்டர் சைக்கிளில் வந்து தினம் ஊசி போட்டுட்டுப் போறார்.

ஆஸ்பத்திரியில் இருந்தப்ப நீ என்கிட்ட நோயாளிகிட்ட பேசற பேச்சு மட்டும் பேசினே. அது நியாயம். டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டப்ப நீ வராண்டாவில் முகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னே. உள்ளே நடந்ததை நீ கேக்கல, நான் சொல்றேன். திட்டுவாங்கன்னு போனேன். திட்டு வாங்கறதில் எனக்கு அனுபவம் உண்டு, தலையைக் குனிஞ்சு ஒரு சிரிப்பு சிரிச்சா முடிஞ்சுரும். அந்தம்மா திட்டல.

"நாலு மாசமா நான் யாருக்குப் பத்தியம் எழுதினேன்?"ன்னு கேட்டாங்க.

"சுருளிவேலுக்குங்கம்மா."

"அவர் அதைச் சாப்பிட்டாரா?"

"இல்லீங்கம்மா."

"நீங்க?"

"நானும் இல்லீங்கம்மா."

சிரிப்பு தயாரா வச்சிருந்தேன். வரல. அந்தம்மா பேனாவை மூடிட்டு சன்னலுக்கு வெளியே பார்த்தாங்க. அங்கே நீ நின்னுக்கிட்டிருந்தே.

இனிமே பஸ்ஸில் குப்பி வாங்கறதில்லை, அவங்களாவது வீட்டு மனுசங்களாவது நேரில் கொண்டு வரணும்னு நோட்டீஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். நெய்க்காரப்பட்டியில் இருந்து ஒரு கிழவர் அதைக் கேட்டுட்டு, இம்புட்டுத் தூரம் மாசாமாசம் எப்படிங்க வாரதுன்னு பக்கத்து ஆளுகிட்டப் புலம்பினார். எவனோ ஒரு திருட்டுப்பய செஞ்ச வேலையாம்னு அந்த ஆள் சொன்னார். நானும் ஆமாங்கன்னு தலையாட்டினேன். என்னத்தச் சொல்ல.

இப்ப வேற ஒரு தொல்லை. சுருளிவேல் பெண்சாதி கண்ணம்மா. அதுக்கு இரவல் குப்பி விஷயம் தெரியும், அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்யுது. "அண்ணே, நீங்க அவருகிட்ட அந்த எழவை வாங்கி அனுப்பலேன்னா இந்த வியாதி யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? நீங்கதான்ணே என் தாலியைக் காப்பாத்தினீக"ங்குது. தினம் ஒரு வெஞ்சனம் செய்து கொடுத்துவிடுது. நேத்து சுண்டைக்காய், இன்னைக்கு முருங்கைக்கீரை. தெருவில் என்னைப் பார்த்தா முந்தானையை இழுத்துவிட்டுக் கும்பிடுது.

தெரிஞ்ச பிறகும் பொங்கல் முடியற வரைக்கும் நான் வாயைத் திறக்கலைங்கிறது அதுக்குத் தெரியாது. சுருளிவேல் சொல்லல. அவனும் ஆஸ்பத்திரிக்கு மாட்டேன்னவன், அந்தக் கதையை எடுத்தா அவனுக்கும் இடிக்கும். "விடுலே, பொம்பளைக சந்தோசமா இருந்தா நமக்குக் கீரை"ங்கிறான்.

உன்கிட்டச் சொல்லிட்டேன், டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டேன். பங்குச் சாமியார்கிட்டயும் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன், அவருக்குக் குப்பின்னா என்னன்னு புரிய வைக்கறதுக்குள்ள பின்னால நின்ன வரிசை முழுக்கக் கேட்டிருச்சு. இதுக்கு மேல அந்தப் பிள்ளை கண்ணம்மாகிட்டயும் சொல்லணுமா? கீரை தொண்டையில் இறங்க மாட்டேங்குது, அதான் கேக்கறேன்.

அப்பா

*

திண்டுக்கல்
21-2-1963

அப்பாவுக்கு,

உங்கள் புது அட்டை போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் என் முன்னால் நீங்கள் கொடுத்துவிட்டுப் போனது செம்மஞ்சள். டாக்டரம்மா சொன்ன பத்தியத்தைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். சோறு இல்லை.

கண்ணம்மா அத்தை விஷயத்தில் என்னிடம் கேட்கிறீர்கள். டாக்டரம்மா அறுத்த விரலைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்று சொன்னார். பொங்கலுக்கு முன்னால் வந்திருந்தால் மருந்து கட்டியே ஆற்றியிருக்கலாமாம். உங்களிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நான் இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். நான் சொல்லிவிட்டேன்.

சகாயராணி

*

சேவுகம்பட்டி
6-3-1963

அன்பு ராணிக்கு,

உன் காகிதத்தை மடிச்சுச் சட்டைப் பையில் வச்சுக்கிட்டுச் சில நாள் திரிஞ்சேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் சுருளிவேல் வீட்டுக்குப் போனேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து நார் கிழிச்சுக்கிட்டிருந்தான். கண்ணம்மா, "உக்காருங்கண்ணே, செத்த நேரம், உங்க பத்தியத்துக்குன்னே குதிரைவாலிச் சோறும் பொன்னாங்கண்ணியும் வச்சிருக்கேன்"னு இலையைப் போட்டுருச்சு. வேணாம்னு சொல்லச் சொல்லக் கேக்கல.

கீரையை அள்ளி வைக்கும்போது சொன்னேன். சுத்தி வளைக்கத்தான் பார்த்தேன், ஆனா அது, "சொல்லுங்கண்ணே, சொல்லுங்கண்ணே"ன்னு சிரிச்ச முகமா நின்னுச்சு. அதனால நேராவே சொல்லிட்டேன். சிவப்புன்னு தெரிஞ்சு நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், என் மகள்கிட்ட மானம் போகுமேன்னு இருந்தேன், அன்னைக்கே வந்திருந்தா விரல் போயிருக்காது தங்கச்சின்னேன்.

அகப்பை கையிலேயே நின்னுச்சு. சுருளிவேல், "ஏலே, சும்மா இருலே, நாந்தான் வரமாட்டேன்னேன்ல"ன்னு கத்தினான். அது அவன் பக்கம் திரும்பல. "நீ மாட்டேன்னது அப்புறம்தானே?"ன்னு மட்டும் கேட்டுச்சு. அவன் நாரைப் பார்த்தான். அது அகப்பையில் இருந்த கீரையை என் இலையிலேயே வச்சிட்டு அடுப்படிக்குள்ள போயிருச்சு. திரும்பி வரல.

இலையைப் போட்ட வீட்டில் பாதியில் எழுந்திரிக்கவும் முடியல. சாப்பிட்டேன் ராணி. முழுசும் சாப்பிட்டேன். இலையை நானே எடுத்துப் போட்டேன்.

அதுக்குப் பிறகு கீரை வரல, கும்பிடும் வரல. உன் அம்மாகிட்ட மட்டும் எப்பவும்போலப் பேசுது.

நேத்து குப்பி நாள். முதல் பஸ்ஸுக்கு என் குப்பியை வேட்டி மடிப்பில் வச்சுக்கிட்டு ஸ்டாப்பில் நின்னேன். செருப்புப் போட்டிருந்தேன். கண்ணம்மா வந்துச்சு. சுருளிவேலுக்கு இன்னும் பஸ் ஏற ஆகல, அதனால அவன் குப்பியைக் கொண்டு வந்திருந்துச்சு. முந்தானையில் முடிஞ்சு, முடிச்சு மேல கையை வச்சிருந்துச்சு. "கொடு தங்கச்சி, நானும் அங்கதான் போறேன், சேர்த்துக் கொடுத்திருவேன், நீ எதுக்கு அம்புட்டுத் தூரம்"னேன். எனக்கு வேற என்ன பேசன்னு தெரியல.

அது கையை இன்னும் இறுக்கி வச்சுக்கிச்சு.

பஸ்ஸில் பெண்கள் பக்கம் என் முன் சீட்டில் உட்கார்ந்துச்சு. பவுல்ராஜ் வழக்கம்போல, "என்ன மாமா, இன்னைக்கு ரெண்டு அரிஷ்டமா?"ன்னான். நான் ரெண்டு டிக்கெட்டுக்குக் காசை நீட்டினேன். அது தன் காசைத் தனியா எடுத்துக் கொடுத்திருச்சு. செம்பட்டி வந்துச்சு, போச்சு. திண்டுக்கல் மலை தெரியற வரைக்கும் அந்தப் பிள்ளையோட பின்கொண்டையைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன். ஒரு தடவைகூடத் திரும்பல.

ஆஸ்பத்திரி வாசலில் நீ நின்னே. முதலில் கண்ணம்மாகிட்டக் கையை நீட்டினே, அது முடிச்சை அவிழ்த்து உன் கையில் வச்சுச்சு. அப்புறம் என்கிட்ட நீட்டினே. நான் கொடுக்கறதுக்குள்ள, "இது யாருடையது?"ன்னு கேட்டே.

ஆஸ்பத்திரிச் சட்டமா இருக்கும், எல்லாரையும் கேப்பேன்னு நினைச்சேன். ஆனா நீ கண்ணம்மாகிட்ட அதைக் கேக்கல.

என்னுதுன்னேன்.

அப்பா